கொல்லிமலைச் சாமையும் சல்லடை காணாத மாவும்



அஸர் தொழுகைக்குப் பின் மக்தபுக்கு வரும் பிள்ளைகளின் கைகளில் இன்று கிரீம் பிஸ்கட்டோ பொட்டல இனிப்போ இருப்பதைக் காண்கிறோம். ஹராமான பொருள் எதுவும் கலந்துள்ளதா எனப் பெற்றோர் உறையைத் திருப்பிப் பார்க்கின்றனர், அது பாராட்டுக்குரியது. ஆயினும் அல்குர்ஆன் (2:168) உணவுக்கு ஹலால் என்பதோடு தய்யிப், அதாவது தூயது, நல்லது என்னும் தகுதியையும் சேர்த்தே கூறுகிறது. அந்த இரண்டாம் தகுதி நம் சிற்றுண்டியிலிருந்து எவ்வாறு நழுவியது என்பதை விளக்கக் கொல்லிமலையின் வரலாறு ஒன்றே போதும்.

வல்வில் ஓரியின் நாடு எனப் புகழ்பெற்ற இம்மலை, நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் உயரத்தில் உள்ளது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகியவற்றை மழையை நம்பித் தலைமுறை தலைமுறையாக விளைவித்தனர். சாமைச்சோறும் கேழ்வரகுக் களியும் அவர்களின் உணவு. பலாச்சுளையும் வாழைப்பழமும், கிடைக்கும் காலத்தில் மலைத்தேனும் அவர்களின் இனிப்பு.

இரண்டாம் உலகப் போரின்போது கீழ்த்திசை நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியின் வரத்து தடைபட்டது. 1940களில் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கின் மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் வேரூன்றியது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவாகும் அளவிற்கு அது வளர்ந்தது. ஆலைகளின் தேவை மலைமேலும் ஏறியது. சாமை விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியது.

இதற்காக மலைமக்களைக் குறைகூற இயலாது. சாமையின் உமியை நீக்கப் பெண்கள் உரலில் நெடுநேரம் இடிக்க வேண்டும். கிழங்குக்கு அந்த உழைப்பு இல்லை. பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் பணம். நியாயவிலைக் கடை அரிசியும் எளிதில் கிடைத்தது. இவ்வாறு சிறுதானியம் வயலிலிருந்தும் அடுப்பிலிருந்தும் மெல்ல விலகியது.

நம் பெருநாள் பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசியைச் சற்று எண்ணிப் பாருங்கள். கிழங்கின் நாரையெல்லாம் நீக்கி எடுத்த மாவுச்சத்தே அது. தனக்கெனச் சுவை இல்லாததால் சீனியை வேண்டி நிற்கிறது. தவிடு நீக்கிய மைதாவின் நிலையும் அதுவே. இயற்கை வைத்ததை முதலில் நீக்குகிறோம். பின்னர் அந்த வெறுமையை நிரப்பச் சீனியைச் சேர்க்கிறோம்.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்து உணவு இதற்கு நேர்மாறானது. அண்ணலார் தூதராக அனுப்பப்பட்டது முதல் இறுதிவரை சல்லடையைக் கண்டதில்லை என்று ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். வாற்கோதுமையை அரைத்து ஊதுவார்கள். பறப்பது பறக்கும், எஞ்சியதைப் பிசைந்து உண்பார்கள் என்பது புகாரீயில் இடம்பெறும் அச்செய்தியின் கருத்து. அண்ணலார் இனிப்பை வெறுத்தவர்கள் அல்லர்; தேனை விரும்பினார்கள். பேரீச்சங்கனியை வெள்ளரிக்காயுடன் உண்டதாகவும் நபிமொழி உண்டு. இனிப்பு கனியிலேயே இருந்தது. சேர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

கொல்லிமலையில் காலம் மீண்டும் திரும்பத் தொடங்கியது. 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மக்களோடு இணைந்து பாரம்பரிய விதைகளைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. ஊர்களில் உமி நீக்கும் இயந்திரங்கள் அமைந்தன; பெண்களின் உலக்கைச் சுமை குறைந்தது. சுய உதவிக் குழுக்கள் சாமை, தினை, கேழ்வரகுப் பொருட்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 2023ஐ ஐ.நா. சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் இத்தானியங்களின் மதிப்பை உயர்த்தியது. எனினும், வெண்மைக்காக மிகையாகத் தீட்டப்பட்ட சாமையை வாங்கினால் சல்லடையின் பிழையையே மீண்டும் செய்தவர்களாவோம்.

சிற்றுண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு வினாக்களைக் கேட்போம்: இதிலிருந்து எது நீக்கப்பட்டது? இதில் எது சேர்க்கப்பட்டது? முருங்கைக்கீரை கலந்த கேழ்வரகு அடை, தேங்காய்த் துருவல் தூவிய சாமைப் புட்டு, அவித்த பலாக்கொட்டை, சுண்டல், வேர்க்கடலை, பலாச்சுளை, ஓரிரு பேரீச்சம்பழம் ஆகியவை இவ்வினாக்களுக்கு அஞ்சுவதில்லை. சீனிக்குப் பதிலாக வெல்லமோ கருப்பட்டியோ கொட்டுவதும் சேர்ப்பதே. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த வரம்பு தேனையும் பழச்சாற்றையும்கூடக் கணக்கில் கொள்கிறது. சேர்க்கும் இனிப்பு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குள் நின்றால் இன்னும் நலம் என்கிறது அது. நீரிழிவு உள்ளவர்கள் சிறுதானியத்தையும் பேரீச்சம்பழத்தையும் அளவோடும் மருத்துவரின் ஆலோசனையோடும் உண்பதே முறை.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பிள்ளைகளின் நாவுக்கு நாம் பழக்கும் சுவையும் அந்த அமானிதத்தில் அடங்கும். ஹலாலும் தய்யிபுமான உணவை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.