கழுத்து நாடியும் தினக் குளிசையும்

கழுத்து நாடியில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கான் காட்டினால், வெட்டி எடுத்துவிட முடியாதா என்றே பலரும் முதலில் கேட்கிறார்கள். ஆயுளுக்கும் குளிசை என்பது சத்திரசிகிச்சைக்கு வழியில்லாதவருக்குச் சொல்லும் ஆறுதல் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ரொறன்ரோவோடு பிணைந்த மருத்துவ வரலாறு அதற்கு இடம் தரவில்லை. இந்த நாடியின் அடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் உள்ள தொடர்பை 1951இல் தெளிவாக எழுதிய மில்லர் ஃபிஷர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கேயே 1944இல் பட்டம் பெற்ற ஹென்றி பார்னெற், வந்து மறையும் பாரிசவாத அறிகுறி கண்ட 585 பேரிடம் மருந்துகளைச் சோதித்து 1978இல் முடிவை வெளியிட்டார். மலிவான அஸ்பிரின், பாரிசவாதமோ மரணமோ நேரும் அபாயத்தை 31 சதவீதம் குறைத்திருந்தது. அதில் பெண்களுக்குப் பலன் தெரியவில்லை. பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் அவர்களுக்கும் பலன் உண்டு என்று காட்டின.

கத்திதான் சிறந்தது என்பதை நிறுவியவரும் அதே பார்னெற்தானே என்று கேட்கலாம். உண்மைதான். நாடி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கி, அறிகுறியும் கண்டவர்களை அவர் குழு ஆராய்ந்து 1991இல் எழுதியது: இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்துப் பாரிசவாதம் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம், சத்திரசிகிச்சையும் பெற்றவர்களில் 9 சதவீதம். அந்த நிலையில் இருப்பவர் தாமதிக்கவே கூடாது. ஆனால் அது கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் குளிசை பரவலாகாத காலம். அறுத்தெடுத்தது ஓர் இடத்துப் படிவை மட்டுமே. உடலெங்கும் நாடிகளில் வளரும் நோய் அப்படியே இருந்ததால் சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கும் மருந்து தொடர்ந்தது. இதற்கு முன்பே, மூளைக்கு மாற்றுப் பாதை அமைக்கும் பைபாஸை 1,377 பேரிடம் சோதித்து, அது பாரிசவாதத்தைத் தடுப்பதில்லை என்று 1985இல் காட்டியதும் பார்னெற் குழுதான்.

நம்மவர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று 2000இல் வந்தது. ஆய்வாளர்கள் சோனியா ஆனந்த், சலீம் யூசுப் குழுவினர் ரொறன்ரோ, ஹமில்டன், எட்மன்டன் நகரங்களில் தெற்காசியர், சீனர், ஐரோப்பியர் என 985 பேரின் கழுத்து நாடியை அளந்தார்கள். நாடிச் சுவரின் சராசரித் தடிப்பு ஐரோப்பியரில் 0.75 மில்லிமீற்றர், தெற்காசியரில் 0.72. இதய, இரத்தநாள நோயோ ஐரோப்பியரில் சுமார் 5 சதவீதம், தெற்காசியரில் 11. சீனியும் கெட்ட கொலஸ்ட்ரோலும் நம்மவர்களிடமே மோசமாக இருந்தன. ஆகவே 'படிவு கொஞ்சம்தான்' என்ற அறிக்கையை நம்பிப் பிரஷரையும் சீனியையும் புகையையும் கவனிக்காமல் விட எந்த நியாயமும் இல்லை. கொலஸ்ட்ரோல் இறங்கிவிட்டதென்று வைத்தியரைக் கேளாமல் ஸ்டாட்டினை நிறுத்துவது இன்னும் ஆபத்து: அதை இறக்கி வைத்திருப்பதே அந்தக் குளிசைதான்.