'ரேகாவ'வும் நம்பகத்தன்மையும்

'இது நம்பும்படியாக இல்லை' என்று ஒரு திரைப்படத்தை ஒதுக்குவது எளிது. இலங்கைத் திரைப்பட வரலாற்றில் அச்சொல்லுக்கு உரிய பொருளைத் தேடுவோர் 'ரேகாவ'விடம் வந்தே ஆகவேண்டும்.

1947 இல் வெளியான முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' மேடை நாடகமொன்றிலிருந்து உருவானது. தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம் ஒரு தமிழர். படப்பிடிப்பும் தென்னிந்தியக் கலையகத்திலேயே நடந்தது. பின்வந்த படங்களுட் பலவும் அவ்வழியே சென்றன. இலங்கைக் கிராமம் கலையகச் சுவர்களுக்குள் சாயம் பூசி நின்றது. இரசிகர்கள் அதற்கும் திரண்டு வந்தார்கள் என்பது வேறு விடயம்.

1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படப்பிடிப்பை மெய்யான கிராமத்துக்குக் கொண்டுசென்றார். ஆனால் கதை? பார்வையிழந்த சிறுமியின் கண்களைச் சிறுவன் சேனா தொட, அவளுக்குப் பார்வை மீள்கிறது. எழுத்தில் படித்தால் எவரும் நம்பார். படம் வலுப்பெறுவது அதற்குப் பின்னர்தான்: மகனின் கையைக் காசாக்க முனையும் தகப்பன், வேறொரு பிள்ளை இறந்ததும் சேனாவுக்கெதிராகத் திரும்பும் ஊர். அற்புதத்தை நிரூபிக்கப் படம் முயலவில்லை. அதை நம்பியவர்களைக் காட்டியது. கதையோட்டம் இடையிடையே தளர்வதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் தளர்ந்த கதையும் பொய்யான கதையும் ஒன்றல்ல. நம் விமர்சகர்கள் பலர் இரண்டையும் ஒரே கோலால் அளந்துவிடுகிறார்கள்.

1957 இல் கான் திரைப்பட விழாவுக்குச் சென்ற அப்படம், உள்ளூரில் வசூலில் தோற்றது. காவலூர் இராஜதுரையின் எழுத்தில், தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி'க்கும் 1977 இல் அதே கதிதான் நேர்ந்தது.