முக்கால் அங்குலத்தில் பாதி

ஸ்பெயின் நாட்டில் பிக்கோர்ப் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் அரானா குகைகள் இருக்கின்றன. அங்கே ஒரு பாறைச் சுவரில் சிவப்பு நிறத்தில் ஓர் ஓவியம். கயிறு மாதிரி தொங்கும் எதையோ பிடித்துக்கொண்டு ஓர் ஆள் அந்தரத்தில் நிற்கிறார். ஒரு கையில் கூடை, இன்னொரு கை பாறைப் பொந்துக்குள். சுற்றிலும் தேனீக்கள் பறக்கின்றன. இதன் வயது சுமார் 8000 ஆண்டுகள் என்கிறார்கள். நீலகிரியில் குறும்பர்கள் கொடிக்கயிற்றில் தொங்கி மலைத்தேன் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஓவியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே கயிறு, அதே கூடை, அதே பயம்!

இது தேன் எடுப்பது. தேனீ வளர்ப்பது என்பது வேறு. காட்டில் இருக்கும் கூட்டைத் தேடிப் போகாமல், கூட்டையே வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது. இதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று எகிப்தில் இருக்கிறது. நியுசெர்ரே என்ற மன்னர் அபு குராபில் கட்டிய சூரியக் கோயிலில், ஒருவர் குழாய் போன்ற கூடுகளுக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறார். மற்றவர்கள் தேனை ஊற்றுகிறார்கள், பாத்திரத்தை மூடி முத்திரை வைக்கிறார்கள். காலம் ஏறத்தாழ கி.மு. 2400. அதாவது தேனை எடுத்து, பாத்திரத்தில் அடைத்து, சீல் வைக்கும் 'பேக்கிங்' வேலை அப்போதே முழுசாக இருந்திருக்கிறது.

இதைவிட ஆச்சரியமான விஷயம் 2007-ல் இஸ்ரேலில் கிடைத்தது. ஜோர்டான் பள்ளத்தாக்கில் தெல் ரெஹோவ் என்ற இடத்தில் அமிஹாய் மசார் குழுவினர் தோண்டியபோது, களிமண்ணும் வைக்கோலும் கலந்து செய்த உருளைக் கூடுகள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. சுமார் 30 கூடுகள் மிஞ்சியிருந்தன. மொத்தம் நூறுக்கு மேல் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். கிட்டத்தட்ட 3000 வருஷத்துக்கு முந்தையவை. ஊருக்கு நடுவிலேயே ஒரு தேன் தொழிற்சாலை! கூட்டுக்குள் கருகிக் கிடந்த தேனீக்களின் இறக்கை, கால் துண்டுகளை ஆராய்ந்து 2010-ல் இன்னொரு தகவல் சொன்னார்கள். அவை அந்த ஊர்த் தேனீக்களைப் போல இல்லை, இப்போதைய துருக்கிப் பகுதித் தேனீக்களைப் போல இருந்தன. யாரோ பல நூறு மைல் தூரத்திலிருந்து தேனீக்களை வரவழைத்திருக்க வேண்டும். இந்த 'இறக்குமதி' விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, குழாய், கூடை, பானை, குடைந்த மரம் என்று ஊருக்கு ஒரு விதமாக மனிதர்கள் கூடு செய்து கொடுத்துவிட்டார்கள். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே சிக்கல். தேனீ தன் அடையைக் கூட்டின் சுவரோடு சேர்த்து ஒட்டிவிடும். வெட்டாமல் எடுக்க முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் முடியாது.

ஐரோப்பாவில் இது ரொம்பக் கொடூரமாகப் போனது. அங்கே பல நாடுகளில் வைக்கோல் பிரியால் சுற்றிய, கவிழ்த்த கூடை போன்ற கூடுகள்தான் வழக்கம். இலையுதிர் காலம் வந்ததும் வளர்ப்பவர் கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். ரொம்ப லேசாக இருக்கும் கூட்டம் எப்படியும் குளிர்காலத்தைத் தாண்டாது, அதைக் கொன்றுவிடலாம். ரொம்பக் கனமாக இருப்பதில் தேன் நிறைய இருக்கிறது, அதையும் கொன்றுவிடலாம்! தரையில் குழி தோண்டி, கந்தகத்தைக் கொளுத்தி, கூடையை மேலே வைத்துவிடுவார்கள். சற்று நேரத்தில் ஆயிரக்கணக்கான தேனீக்கள் குழியில் உதிர்ந்து கிடக்கும். நடுத்தரமாக உழைத்த கூட்டங்கள் மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தப்பும்.

யோசித்துப் பாருங்கள். லாபத்தை எடுக்க முதலையே அழிக்கும் வியாபாரம் இது. அதிலும் எந்தக் கூட்டம் அதிகம் சம்பாதித்ததோ அதற்குத்தான் மரணதண்டனை. வணிகவியல் முதலாம் ஆண்டு மாணவன்கூட இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டான். ஆனால் அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

தேனீயைப் பற்றித் தெரிந்ததே கொஞ்சம்தான். கூட்டின் தலைவர் 'ராஜா' என்றுதான் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். ஆண் இல்லாமல் அரசாங்கம் நடக்குமா என்ற நினைப்பு! 1609-ல் சார்லஸ் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார் 'இல்லை, அது ராணி' என்று புத்தகமே எழுதினார். பிறகு ஹாலந்தில் யான் ஸ்வாமர்டாம் அறுத்துப் பார்த்து, உள்ளே சினைப்பை இருப்பதைக் கண்டார். அதோடு ராஜா கதை முடிந்தது. ஆஸ்திரியாவில் மகாராணி மரியா தெரேசா வியன்னாவில் ஒரு தேனீ வளர்ப்புப் பள்ளியே வைத்தார். அதில் பாடம் எடுத்தவர் ஸ்லோவீனியாவைச் சேர்ந்த அன்டோன் யான்ஷா. ஓவியம் படிக்கப் போனவர் தேனீ வாத்தியார் ஆனார். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த மே 20-ஆம் தேதியைத்தான் ஐ.நா. சபை 2017-ல் உலகத் தேனீ தினமாக அறிவித்தது.

ஆனால் கூட்டுக்குள் உண்மையிலேயே எட்டிப் பார்த்தவர் ஜெனிவாவைச் சேர்ந்த பிரான்சுவா ஹூபர். விசேஷம் என்னவென்றால், அவருக்குக் கண் தெரியாது. இளம் வயதிலேயே பார்வை போய்விட்டது. பிரான்சுவா பூர்னான் என்ற உதவியாளர் பார்த்துச் சொல்ல, ஹூபர் கேள்விக்கு மேல் கேள்வி கேட்பார். புத்தகத்தின் பக்கங்களைப் போலத் திறக்கும் ஒரு கூட்டைச் செய்து, ஒவ்வொரு அடையாகப் புரட்டிப் பார்க்க வைத்தார். ராணி கூட்டுக்கு வெளியே பறந்துபோய்த்தான் ஆண் தேனீக்களோடு சேர்கிறது என்பதை இந்த இருவரும்தான் நிறுவினார்கள். 1792-ல் வெளிவந்த ஹூபரின் புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்கு எழுதியவர் பார்வையற்றவர் என்பதே மறந்துபோகும்.

ஹூபரின் கூடு ஆராய்ச்சிக்கு நல்லது, தோட்டத்தில் நூறு கூடு வைப்பவருக்கு ஒத்துவராது. அதற்கு இன்னொருவர் வர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் லாரன்சோ லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார். (தேனீ வரலாற்றில் எங்கே திரும்பினாலும் ஒரு பாதிரியார் நிற்கிறார்!) இவருக்கு அடிக்கடி கடுமையான மனச்சோர்வு வரும். அந்த நாட்களில் பிரசங்கம் செய்ய முடியாது, ஆட்களைப் பார்க்க முடியாது. மற்ற நேரங்களில் தேனீதான் ஆறுதல்.

அவர் பெட்டிகளில் ஒரு தொல்லை இருந்தது. மேல் மூடியைத் தேனீக்கள் பிசினால் ஒட்டிவிடும். திறக்கும்போதெல்லாம் நெம்ப வேண்டும். அதனால் மூடிக்கும் அடை தொங்கும் கட்டைகளுக்கும் நடுவில் 3/8 அங்குலம் இடைவெளி விட்டார். அதாவது முக்கால் அங்குலத்தில் பாதி. அந்த இடத்தைத் தேனீக்கள் தொடவே இல்லை! அதைவிடக் குறைந்த சந்து என்றால் பிசின் வைத்து அடைத்துவிடும். அதைவிடப் பெரிதாக இருந்தால் 'இடம் வீணாகிறதே' என்று அடை கட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே, ஒரு தேனீ நடந்து போகிற அளவுக்கு இருந்தால் அதைப் பாதையாக விட்டுவிடும்.

1851 அக்டோபரில் ஒரு நாள் அவருக்கு அடுத்த யோசனை வந்தது. மூடிக்குக் கீழே விட்ட இடைவெளியை ஏன் நான்கு பக்கமும் விடக்கூடாது? அடையை ஒரு மரச் சட்டத்துக்குள் கட்ட வைத்து, சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே அதே இடைவெளியை விட்டால் போதுமே. எதுவும் எதோடும் ஒட்டாது. அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பது போலச் சட்டத்தை எடுக்கலாம், பார்க்கலாம், திருப்பி வைக்கலாம். ஒரு தேனீகூடச் சாக வேண்டாம்.

போலந்துப் பக்கம் சைலீசியாவில் யான் ஜியெர்சோன் என்ற இன்னொரு பாதிரியாரும் இதே காலத்தில் நகர்த்தக்கூடிய அடைகளோடு கூடு செய்திருந்தார். ஆனால் உலகம் முழுக்கப் பரவியது லாங்ஸ்ட்ராத்தின் பெட்டிதான். 1852-ல் காப்புரிமை வாங்கினார். பணக்காரர் ஆகியிருப்பார் என்று நினைத்தால் அதுதான் இல்லை. ஓரளவு தச்சு வேலை தெரிந்த யாரும் ஒரு சாயங்காலத்தில் செய்துவிடக்கூடிய பெட்டி. அமெரிக்கா முழுக்கக் காப்பியடித்தார்கள். வழக்கு போட்டு அலைந்ததுதான் மிச்சம். கடைசியில் மகனோடு சேர்ந்து இத்தாலிய ராணித் தேனீக்களை வளர்த்து விற்றுப் பிழைப்பை நடத்தினார். 1895-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல நாள் கழித்துப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்த இடத்திலேயே இறந்துபோனார்.

பெட்டிக்குப் பின்னால் மற்றவை மளமளவென்று வந்தன. 1857-ல் மெஹ்ரிங் என்ற ஜெர்மானியர் அச்சு பதித்த மெழுகுத் தகடு செய்தார். 1865-ல் ஹ்ருஷ்கா என்ற ராணுவ அதிகாரி, அடையைச் சுழற்றித் தேனை மட்டும் பிரித்தெடுக்கும் இயந்திரம் செய்தார். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் ஆறு முதல் எட்டு கிலோ வரை தேனைச் சாப்பிட வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். காலி அடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தத் தேன் அத்தனையும் மிச்சம்தானே!

இங்கேதான் கதை திரும்புகிறது. சட்டம் போட்ட பெட்டி என்பது தூக்கிக்கொண்டு போகிற பெட்டி. தேனீ முதன்முறையாக லாரியில் ஏற்றக்கூடிய சரக்கு ஆனது. கலிபோர்னியாவில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பாதாம் தோட்டம் இருக்கிறது. பிப்ரவரியில் பூக்கும்போது ஏக்கருக்குச் சுமார் இரண்டு பெட்டி வேண்டும். அமெரிக்காவில் தொழிலுக்காக வளர்க்கும் பெட்டிகளில் பெரும்பகுதி அந்தச் சமயம் லாரியில் அங்கே போய்ச் சேருகிறது. பல பேருக்குத் தேன் விற்ற காசைவிட இந்த வாடகைக் காசுதான் பெரிது.

ஒரு சின்னக் கிளைக்கதை. 1952-ல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர், விலை கொடுக்காமலே கிடைக்கும் நன்மைக்கு உதாரணமாக ஆப்பிள் தோட்டக்காரரையும் தேனீ வளர்ப்பவரையும் எடுத்துக்கொண்டார். ஆப்பிள் பூவின் தேன் இவருக்கு இலவசம், சந்தை இதைக் கவனிக்காது என்பது வாதம். 1973-ல் ஸ்டீவன் சியங், வாஷிங்டன் மாநிலத் தோட்டங்களில் விசாரித்துவிட்டு, அங்கே ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டு வாடகை பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டினார். பாடப்புத்தகம் எழுதுவதற்கு முன் ஒரு தடவை தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பது நல்லது போலிருக்கிறது.

தேனீ பயணம் செய்தபோது அதன் நோயும் பயணம் செய்தது. வரோவா என்று ஓர் உண்ணி. 1904-ல் ஜாவாவில் ஆசியத் தேனீக்களின் மேல் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். ஆசியத் தேனீக்கு அது பழைய எதிரி, எப்படியோ சமாளித்து வாழும். அந்தப் பக்கம் கொண்டுவந்த ஐரோப்பியத் தேனீக்கு அதை எதிர்க்கத் தெரியவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் உண்ணி இதன் மேல் தாவியது. பெட்டியோடு பெட்டியாக 1987-ல் அமெரிக்கா, 1992-ல் இங்கிலாந்து, 2000-ல் நியூசிலாந்து. ஆஸ்திரேலியா மட்டும் தப்பித்திருந்தது. 2022-ல் அங்கேயும் நியூகாசில் துறைமுகத்தில் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான கூட்டங்களை அழித்துப் பார்த்துவிட்டு, 2023-ல் 'ஒழிக்க முடியாது' என்று கைவிட்டார்கள்.

நம்மூர்த் தேனீக்கு வந்தது வேறு நோய். தென்னிந்தியாவில் பெட்டித் தேனீயைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் நியூட்டன் பாதிரியார். (ஆமாம், மறுபடியும் பாதிரியார்!) நம்மூர் அடுக்குத் தேனீ உருவத்தில் சிறியது. அதற்கேற்றபடி அவர் 1910-களில் சின்னப் பெட்டி செய்து கிராம மக்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்தியபோது தேனீ வளர்ப்பு அந்தப் பக்கம் வேர் பிடித்தது. 1937-ல் கூட்டுறவுச் சங்கமே வந்துவிட்டது. அங்கே பெரும்பாலான தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் துளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் இனிப்புத் துளி சுரக்கும். தேனீக்கள் அதைத்தான் சேகரிக்கும்.

1991-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் வந்தது. (இங்கே 'தாய்' என்றால் தாய்லாந்து. 1976-ல் அங்கேதான் முதலில் கண்டார்கள்.) புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் கோத்த பை போல ஆகி அறைக்குள்ளேயே செத்துவிடும். மருந்து கிடையாது. ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் நோய் வேறு, தோட்டத்தில் வரிசையாகப் பெட்டி வைத்திருந்தால் கேட்க வேண்டுமா? கேரளாவிலும் குமரி மாவட்டத்திலும் ஓரிரு வருஷத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கூட்டங்கள் போய்விட்டன. காலையில் போய் மூடியைத் திறந்தால் காலிச் சட்டங்கள். அதை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் பெட்டியை அடுக்கிவைத்துவிட்டு வேறு வேலை தேடிப் போயின. அந்தச் சமயத்தில்தான் கேரளாவில் இத்தாலியத் தேனீயைக் கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தார்கள். இந்தத் தேனீயை இந்தியாவில் வெற்றிகரமாக வளர்க்க ஆரம்பித்தது 1960-களில் இமாச்சலப் பிரதேசத்தில்.

நோயைத் தாங்கி மிஞ்சிய நாட்டுக் கூட்டங்களிலிருந்து மறுபடியும் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். அதற்குப் பல வருஷம் ஆனது. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ரப்பர் துளிர்க்கும் மாதங்களில் குமரி மாவட்டத் தோட்டங்களுக்குள் போனால் மரத்தடியில் ஒற்றைக் காலில் நிற்கும் சின்னப் பெட்டிகளைப் பார்க்கலாம். மூடியைத் திறந்தால் உள்ளே சட்டங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் லாங்ஸ்ட்ராத் விட்ட அதே சந்து, நம்மூர்த் தேனீக்காகக் கொஞ்சம் குறைத்து.