நகல் மூன்று, பீரோ ஒன்று

வீட்டுப் பத்திரத்துக்கு மூன்று நகல் எடுத்து, மூன்றையும் அசலோடு ஒரே பீரோவில் வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். கரையான் வந்தால் நான்கும் ஒன்றாகவே போகும். நகல் எத்தனை என்பது பாதிக் கேள்விதான். எவையெல்லாம் ஒரே அடியில் சேர்ந்து போகும் என்பது மீதிக் கேள்வி. கம்ப்யூட்டர் துறையும் இந்த மீதிக் கேள்விக்குப் படிப்படியாகத்தான் வந்து சேர்ந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறு டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டலாம். ஒன்று கெட்டாலும் தகவல் பிழைக்கும் என்றார்கள். அதுதான் 'ரெய்ட்'. நல்ல யோசனை. ஆனால் டிஸ்க்குகள் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால், அந்தப் பெட்டிக்கே கேடு வரும்போது என்ன செய்வது?

2003-ல் கூகுள் தன் சேமிப்பு முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டது. வழக்கமாக மூன்று நகல். அவற்றை வெவ்வேறு ரேக்குகளில் பரப்பி வைப்பது. ரேக் என்பது சர்வர்களை அடுக்கி வைக்கும் இரும்பு அலமாரி. ஒரு ரேக்குக்கு மின்சாரமோ நெட்வொர்க் ஸ்விட்ச்சோ போனால், அதிலுள்ள சர்வர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போகும். இப்படிச் சேர்ந்தே விழக்கூடியவற்றின் வட்டத்துக்கு 'ஃபெயிலியர் டொமைன்' என்று பெயர்.

2006-ல் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து, சேஜ் வைல் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய ஆசிரியர்களும் 'செஃப்' என்ற சேமிப்பு முறையை அறிவித்தார்கள். எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதி வைக்கும் பேரேடு அதில் கிடையாது. 'க்ரஷ்' என்ற கணக்கு ஒன்று உண்டு. ரேக், சர்வர், டிஸ்க் ஆகியவற்றின் வரைபடத்தையும் ஒரு விதியையும் கொடுத்தால், நகல்கள் இருக்க வேண்டிய இடத்தை அது சொல்லிவிடும். "மூன்று நகலும் மூன்று வெவ்வேறு சர்வரில்" என்பது அப்படி ஒரு விதி.

சிக்கல் வருவது நிறுவனம் வளரும்போது. ஒரே சர்வரில் ஆரம்பித்தவர்கள் வேறு வழியில்லாமல் "வெவ்வேறு டிஸ்க் இருந்தால் போதும்" என்று விதி வைத்திருப்பார்கள். பிறகு பத்து சர்வர் வந்திருக்கும். விதி மட்டும் பழையதாகவே நிற்கும். அதை மாற்றிய நிமிடமே கணக்கின் விடை மாறும். பெருமளவு தகவலுக்குப் புது விலாசம் வந்துவிடும். அதற்காக வேலையை நிறுத்த முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் அதே நேரத்தில் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருப்பார்கள்.

இங்கே செஃப் நம் வீட்டு வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறது. புது வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறிய பிறகுதானே பழைய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்போம்? அதுபோல, புது இடத்தில் நகல் முழுமையாகும் வரை பழைய நகல்தான் வேலை பார்க்கும். முழுமையான பிறகே பழையது அழியும்.

ஆனாலும் செய்பவருக்குக் கவனம் வேண்டும். எல்லாம் ஆரோக்கியமாக இருக்கும்போதுதான் தொடங்க வேண்டும். மூன்று நகலை மூன்று ரேக்கில் வைக்கச் சொன்னால் மூன்று ரேக் இருக்க வேண்டும்; இரண்டுதான் என்றால் மூன்றாவது நகல் திரிசங்கு சொர்க்கத்தில் நிற்கும். இடமாற்றத்தின்போது பழையதும் புதியதும் சேர்ந்து இடம் பிடிக்கும் என்பதால் காலி இடம் வேண்டும். செஃப்பின் வழக்கமான அளவுகளில், டிஸ்க் 85 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை வரும்; 90-ல் அந்த டிஸ்க்குக்கு நகல் நகர்த்துவது நிற்கும்; 95-ல் எழுதுவதே நிற்கும். பழைய விதியைத் திருத்தாமல், புது விதி ஒன்றை எழுதி, தனியே கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு பொருத்துவது நல்லது. கோளாறு என்றால் பழைய விதிக்கே திரும்பலாம்.

அவசரமும் ஆகாது. ஒரேயடியாக நகர்த்தினால், படிக்க வருகிறவருக்கு டிஸ்க் முகம் கொடுக்காது. 2017-ல் வந்த செஃப் பதிப்பில் இதற்கு ஒரு வசதி வந்தது. "கணக்கு என்ன சொன்னாலும், இது இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும்" என்று தனித்தனியாகக் குறித்து வைக்கலாம். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையம் இந்த வசதியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. முதலில் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே குறித்து நிறுத்திவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பது அவர்கள் முறை.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று தீயில் முழுவதும் அழிந்தது. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். நகலையும் அங்கேயே வைத்திருந்த சிலருக்கு இரண்டும் ஒரே இரவில் போயின. விதியை நிதானமாக மாற்றுவதற்கு நேரம், தீப்பிடிப்பதற்கு முந்தைய நாட்கள்தான்.