டிகிரி முடிச்சாச்சு... அடுத்து என்ன? கொல்லிமலை சோளக்காடு பட்டதாரிகளுக்கு முதல் வேலை எங்கே கிடைக்கும்? முழு விவரம்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே ஏறினால் வருவது சோளக்காடு. பலா, வாழை, அன்னாசி, மிளகு விற்கும் சந்தைதான் இந்த ஊரின் அடையாளம். இன்று இங்குள்ள பல வீடுகளில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். முடித்த முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் இருக்கிறார். சான்றிதழ் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து என்ன?

பெரும்பாலானோர் சொல்லும் பதில் 'குரூப் 4 எழுதுறேன்'. அது தவறான பதில் இல்லை. ஆனால் அது மட்டுமே பதிலாக இருந்தால் இரண்டு, மூன்று வருஷம் சத்தமில்லாமல் ஓடிவிடும். புதிய பட்டதாரிகளுக்கு உள்ள வழிகள் என்ன, ஒவ்வொன்றிலும் லாபம் என்ன, சிக்கல் என்ன? பார்க்கலாம்.

முதலில் சான்றிதழ்

வேலை அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழுக்கு அலைவதுதான் மலைப்பகுதி இளைஞர்கள் வாய்ப்பை இழக்க ஒரு முக்கியக் காரணம்.

* பழங்குடியினர் சாதிச் சான்றிதழ்: தமிழ்நாட்டில் இதை வழங்குவது வட்டாட்சியர் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணைக்கு நாளாகும் என்பதால் கல்லூரியில் படிக்கும்போதே விண்ணப்பிப்பது நல்லது.
* தமிழ் வழிச் சான்றிதழ்: மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. பள்ளியில் இருந்து, அந்தப் பதவிக்குரிய கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பள்ளி, கல்லூரி இரண்டிலும் சான்று வாங்க வேண்டும்.
* வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு: பட்டத்தைப் பதிவு செய்து, 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி இலவசம்.

குரூப் 4: நம்பலாமா?

தாராளமாக எழுதலாம். ஒரே தேர்வு, 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழ். நேர்முகத் தேர்வு கிடையாது. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பணிகளுக்கு அடிப்படைச் சம்பளம் ரூ.19,500-ல் தொடங்குகிறது. அகவிலைப்படி தனி.

மலைவாழ் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பதவியும் இதில் உண்டு. 2024-ல் இருந்து வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகளும் குரூப் 4-க்குள் வந்துவிட்டன. அந்த ஆண்டு அறிவிப்பிலேயே 'வனக்காவலர் (பழங்குடியின இளைஞர்)' என்று தனிப் பதவி இடம்பெற்றது.

சிக்கல் எங்கே? 2025 ஜூலை 12-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. மாநில அரசு வேலைகளில் பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு 1 சதவீதம். அதாவது 100 இடத்துக்கு 1 இடம். பொதுப் பிரிவிலும் போட்டியிடலாம் என்றாலும், இதை மட்டும் நம்பி வீட்டில் உட்காருவது ஆபத்தான கணக்கு.

மத்திய அரசுத் தேர்வுகள் ஏன் முக்கியம்?

அகில இந்திய அளவில் நேரடியாக நிரப்பப்படும் மத்திய அரசுப் பணிகளில் பழங்குடியினருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. பணியாளர் தேர்வு ஆணையத்தின் சி.ஜி.எல். தேர்வுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். ஆனால் வினாத்தாள் ஆங்கிலம், இந்தியில்தான் வரும். ஆங்கிலம் தடை என்றால் எம்.டி.எஸ்., காவலர் (ஜி.டி.) தேர்வுகளைத் தமிழிலேயே எழுதலாம். இவற்றுக்கு 10-ம் வகுப்புத் தகுதியே போதும்.

வங்கி: சேலமே தலைமையகம்

பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019-ல் இணைந்து உருவானது தமிழ்நாடு கிராம வங்கி. தலைமையகம் சேலம். இதன் அலுவலக உதவியாளர் பணிக்கு ஏதாவது ஒரு பட்டமும் தமிழறிவும் வேண்டும். வயது 18 முதல் 28. பழங்குடியினருக்கு 5 ஆண்டு தளர்வு. ஐ.பி.பி.எஸ். நடத்தும் இந்தத் தேர்வில் கணக்கையும் ரீசனிங்கையும் தமிழிலேயே எழுதலாம். நேர்முகத் தேர்வு இல்லை. வேகமாகக் கணக்குப் போடும் பயிற்சிதான் இங்கே முக்கியம்.

அஞ்சலகம்: தேர்வே இல்லாத வேலை

கிராமிய அஞ்சல் பணியாளர் பணிக்குத் தேர்வு கிடையாது. 10-ம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். டிகிரிக்குத் தனி மதிப்பெண் இல்லை. பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் கட்டணமும் இல்லை. உதவி அஞ்சலகர் பணிக்கு மாதம் ரூ.10,000, கிளை அஞ்சலக அதிகாரி பணிக்கு ரூ.12,000-ல் ஊதியம் தொடங்குகிறது. தினமும் சில மணி நேர வேலைதான் என்பதால், மீதி நேரத்தில் அடுத்த தேர்வுக்குப் படிக்கலாம். மலையை விட்டு இறங்க முடியாத குடும்பச் சூழலில் இருப்பவர்களுக்கு, பக்கத்தில் இடம் காலியானால் இது நல்ல தொடக்கம்.

நாமக்கல் லாரி ஆபீஸும் ஒரு வாய்ப்புதான்

முட்டை, லாரி, பாடி பில்டிங் என நாமக்கல்லில் தொழிலுக்குக் குறைவில்லை. இந்த அலுவலகங்களில் கணக்கு எழுத, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட, இ-வே பில் எடுக்க ஆள் தேவை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் ரூ.50,000-க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயம் என்பதால் இது தினசரி வேலை. பி.காம். படிப்போடு டேலி, எக்செல் தெரிந்தால் உள்ளே நுழையலாம். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் இரண்டு வருஷ அனுபவம் இருந்தால் எந்த ஊரிலும் கணக்கர் வேலை கேட்கலாம்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர், பி.சி.ஏ. முடித்தவர்களை டி.சி.எஸ்., விப்ரோ போன்ற ஐ.டி. நிறுவனங்களும் எடுக்கின்றன. விப்ரோவின் ஒரு திட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பும் முடிக்கலாம்.

அப்ரண்டிஸ்: சம்பளத்தோடு பயிற்சி

என்ஜினீயரிங் மட்டுமல்ல, கலை அறிவியல் பட்டதாரிகளும் தொழில் பழகுநராகச் சேரலாம். 2019 விதிகள் பட்டதாரிகளுக்கு மாதம் ரூ.9,000 குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தன. பயிற்சி பொதுவாக ஓராண்டு. முடிவில் மத்திய அரசின் சான்றிதழ் கிடைக்கும். வேலைக்கு உத்தரவாதம் இல்லை.

இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். சென்னையிலோ ஓசூரிலோ அறை வாடகை, சாப்பாட்டுக்கு ரூ.7,000 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ரூ.9,000-ல் கையில் நிற்பது ரூ.2,000 மட்டுமே. எனவே தங்குமிடம் தரும் நிறுவனமா என்று முதலில் கேட்க வேண்டும். சம்பளம் எவ்வளவு என்பதைவிட, செலவு போக மிச்சம் எவ்வளவு என்பதே முக்கியம்.

மலையிலேயே தொழில் தொடங்கலாமா?

மிளகைத் தரம் பிரித்துப் பாக்கெட் போடுவது, பலாவில் சிப்ஸ், சாமை, தினையில் மதிப்புக்கூட்டிய பொருட்கள்... கொல்லிமலையில் சிறுதானியங்களை மீட்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் பணியாற்றியுள்ளது. ஆக, அடித்தளம் இருக்கிறது.

முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான மாநில அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில் ரூ.10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், பழங்குடியினருக்குக் கூடுதலாக 10 சதவீதம் என விதி உள்ளது. சிறிய தொழில் என்றால் மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில், கிராமப்புறப் பழங்குடியினருக்கு 35 சதவீதம் வரை மானியம் உண்டு. நடப்பு விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: மானியம் போக மீதியில் பெரும்பகுதி வங்கிக் கடன்தான். வாங்குபவர் யார் என்று தெரியாமல் கடன் வாங்குவது சரியல்ல.

பணம் கேட்டால் அது வேலை இல்லை

'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, டெபாசிட் ரூ.5,000' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது மோசடி. உண்மையான நிறுவனம் ஆள் எடுக்கப் பணம் வாங்காது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரில் சிக்கி, 2022-ல் மீட்கப்பட்டது நினைவிருக்கலாம். வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

முதல் வருஷத் திட்டம்: சுருக்கமாக

* முதல் 2 மாதம்: எல்லாச் சான்றிதழ்களும், வேலைவாய்ப்புப் பதிவும். கூடவே டேலி, எக்செல், டைப்ரைட்டிங் என ஒரு கைத்திறன்.
* 3-வது மாதத்துக்குள்: சிறிய சம்பளமானாலும் ஒரு வேலை அல்லது அப்ரண்டிஸ் பயிற்சி.
* வருஷம் முழுக்க: தினமும் 2 மணி நேரம் படிப்பு. கணக்கு, ரீசனிங், பொது அறிவு ஆகிய மூன்றும் குரூப் 4-க்கும் மத்திய அரசுத் தேர்வுகளுக்கும் பெரிய அளவில் கைகொடுக்கும்.
* வருஷக் கடைசியில்: தேர்வில் ஜெயித்தால் அரசு வேலை. இல்லாவிட்டால் கையில் ஓராண்டு அனுபவம்.

தேர்வுக்குப் படித்தால் வேலைக்குப் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் வேலை கடைசி வேலையாக இருக்க வேண்டியதும் இல்லை. அடுத்த வேலைக்குக் கைகொடுக்கும் ஒன்றை அது கற்றுத்தந்தால் போதும்.