இரும்பை (விழுப்புரம் மாவட்டம்)

இரும்பை, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். புதுச்சேரியிலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவிலும், ஆரோவிலின் மாத்ரிமந்திர் தியான மண்டபத்துக்குச் சில கிலோமீட்டர் மேற்கேயும் இருக்கிறது. திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலையில் வருபவர்கள் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் இறங்கி உள்ளே போகவேண்டும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம் இந்த ஊர்தான். ஆரோவில் நகரின் நிலங்களில் ஒரு பகுதி இரும்பை ஊராட்சியின் எல்லைக்குள் வருகிறது. உலக நகரம் ஒன்றின் பகுதி பழைய ஊரின் பஞ்சாயத்துக்குள் அடங்கியிருப்பது வெளியூர்க்காரர்கள் பலர் கவனிக்காத செய்தி.

ஊரின் பழமைக்குச் சான்று மகாகாளேசுவரர் கோயில். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்களில் ஒன்று. தலமரம் புன்னை, அம்மன் குயில்மொழி நாயகி. மாகாளம் என்று பெயர் பெற்ற தலங்களாக உஞ்சைனி, அம்பர், இரும்பை ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்வது சைவ வழக்கம். கருவறை லிங்கம் பிளவுபட்டு, செப்புத் தகட்டால் கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பிளவுக்கு ஊர் சொல்லும் காரணம் கடுவெளிச் சித்தரின் கதை.

சித்தர் அரசமரத்தடியில் தவமிருந்தார். அந்தத் தவத்தின் வெப்பத்தால் மழை பொய்த்துவிட்டதாக அரசன் நம்பினான். உதிரும் இலைகளை மட்டுமே உண்டுவந்த அவருடைய கையில் கோயில் நடன மங்கை ஒருத்தி அப்பளத்தை வைத்துப் பழக்கி, மெல்லத் தவத்தைக் கலைத்தாள். மழை பெய்தது. பிறகு கோயில் விழாவில் அவள் ஆடும்போது சிலம்பு கழன்று விழ, சித்தரே குனிந்து அதை அணிவித்தார். கூட்டம் சிரித்தது. வெகுண்டு அவர் பாடிய பாட்டில் லிங்கம் மூன்றாகத் தெறித்தது. இந்த மண்ணில் இனி எதுவும் முளைக்காது என்று சாபமும் விழுந்தது. அரசன் காலில் விழுந்து கெஞ்சியபோது, தூர தேசத்து மனிதர்கள் வந்து இந்த நிலத்தைப் பசுமையாக்குவார்கள் என்றாராம். இந்தக் கடைசி வரி ஆரோவிலுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால், அது பின்னாளில் சேர்ந்த ஒட்டோ என்று சந்தேகப்படுவது நியாயமே. கதை சொல்பவர்கள் அந்தச் சந்தேகத்தைப் பொருட்படுத்துவதில்லை.

வறட்சிக்குச் சாபம் தேவைப்படவில்லை. காடு வெட்டப்பட்டு, மிச்சத்தை ஆடுமாடு மேய்ந்த செம்மண் மேடு இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்மண் கரைந்து, ஓடைகளைப் பள்ளத்தாக்குபோல் அறுத்துக்கொண்டு, கடலைச் சிவப்பாக்கும். 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டு ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்த மேடு பெரும்பாலும் பொட்டல்தான். அதன்பின் வரப்பு போட்டு நீரைத் தேக்கி, இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை வளர்த்தார்கள். அந்தக் காடு எப்படியிருந்தது என்பதற்கு மாதிரி கோயில் காடுகளில் எஞ்சியிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீசுவரர் ஐயனார் கோயில் காடு அவற்றில் தெரிந்த பெயர்.

கோயிலும் காடும் இப்படி; வீடுகளின் கதை வேறு. பழைய சிற்றூர் என்றால் இங்கிலாந்தில் பழைய வீடுகள் என்றே பொருள். வில்ட்ஷையரின் லேக்காக் கிராமம் 1944 முதல் தேசிய அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. 1967-இல் வந்த சட்டம் ஊர்ப் பகுதிகளை மொத்தமாகவே பாதுகாப்புக்குரியவை என அறிவிக்க வழிசெய்தது. பட்டியலிடப்பட்ட வீடு என்றால் சன்னலை மாற்றக்கூட அனுமதி வாங்கவேண்டும். அங்கே குடியிருப்பவர் ஒரு வகையில் அருங்காட்சியகக் காவலர். இரும்பையில் அந்தப் பாரமெல்லாம் கோயிலோடு நின்றுவிடுகிறது. கூரை வீடும் திண்ணையும் எவருடைய பட்டியலிலும் இல்லை. புயலுக்குப் பறந்து, மழைக்கு ஒழுகும் கீற்றுக் கூரையைக் காப்பாற்று என்று அதில் குடியிருப்பவரிடம் சொல்வது அநியாயமும்கூட. 2011 டிசம்பரில் தானே புயல் இந்தக் கரையில் செய்ததைப் பார்த்தவர்களுக்குக் கான்கிரீட் தளத்தின் அருமை தெரியும். 2010-இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் முதலாகக் குடிசையை ஒழிப்பதே அரசின் கொள்கை. ஆகவே ஆயிரத்து முன்னூறு ஆண்டுப் பெயர் கொண்ட ஊரில் வீடுகளுக்கு ஒரு தலைமுறை வயதுகூட இராது. வீடு தேடி வரும் சுற்றுலாப் பயணி ஏமாந்துபோவார். குடியிருப்பவருக்கு இதில் இழப்பு குறைவு.

இந்த வட்டாரத்தின் செம்மண்ணில் மானாவாரியாகக் கம்பு, கேழ்வரகு, முந்திரி, சவுக்கு. தண்ணீர் இருந்தால் மணிலா. வேர்க்கடலைக்குத் தென்னார்க்காட்டில் மணிலா அல்லது மல்லாட்டை என்றே பெயர். பங்குனி, சித்திரையில் செடியைப் பிடுங்கி உதறி, வரப்பு நிழலில் குந்தி ஆய்வது பெரும்பாலும் பெண்களின் வேலை. பட்டணத்தில் கட்டட வேலையும் வீட்டு வேலையும் கூடியபின் ஆய ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. உலர்த்தக் களம் போதாதபோது தார்ச்சாலையே களம். வண்டிக்காரர்கள் ஒதுங்கித்தான் போவார்கள்.

ஏரி நீர் இங்கே ஒரு சங்கிலி. மழைக்காலத்தில் ஓர் ஏரி நிரம்பிக் கலிங்கல் வழிந்து அடுத்ததற்குப் போகும். வட்டாரத்தின் பெரும்பகுதி நீர் வடக்கே கழுவெளிச் சதுப்பில் சேர்ந்து, இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலை அடைகிறது. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் வாயில்தான் மரக்காணத்தின் உப்பளங்கள். மேட்டில் மழை பெய்து ஏரி நிரம்பும் மாதங்கள் உப்பளத்தில் பாத்தி கரைந்து கூலி நின்றுபோகும் மாதங்கள். ஒரே மழை ஒரே வட்டாரத்துக்குள் ஒருவருக்கு வரவாகவும் இன்னொருவருக்குச் செலவாகவும் கணக்காகிறது. கிணற்றுப் பாசனம் போய் ஆழ்குழாய் வந்தபின் கடலோரத்தில் உப்பு நீர் உட்புகும் கவலையும் சேர்ந்துகொண்டது.

ஆரோவில் வந்ததால் ஊரின் வேலைநாள் மாறியது. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே கொத்தனார், தச்சர், தோட்டக்காரர், சமையல்காரர், விருந்தினர் விடுதிப் பணியாளர் என்று போகிறார்கள். அழுத்திய மண்கல்லால் சுவர் கட்டும் தொழிலைக் கற்றவரும் தம் வீட்டுக்குச் செங்கல்லையே தேர்ந்தெடுப்பது வழக்கம். மண் வீட்டை விட்டு வெளியேறப் பாடுபட்ட குடும்பத்தின் கணக்கு அது. அதைக் குறையாகப் பேசுவது வசதி படைத்தவர்களின் பழக்கம்.

இப்போது ஊரில் அதிகம் பேசப்படுவது நிலம். ஆரோவிலின் பெருந்திட்டம் 1.25 கி.மீ. ஆரமுள்ள நகர வட்டத்தையும், அதைச் சுற்றி அதே அகலத்தில் பசுமை வளையத்தையும் வரைந்திருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் வயலும் தோப்பும் அந்த வளையத்துக்குள் வருகின்றன. மறுபுறம் புதுச்சேரியிலிருந்து மனைப் பிரிவுகள் நகர்ந்து வருகின்றன. முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்கு விளைச்சலைவிட விலை பல மடங்கு. விற்றுவிட்டுக் கூட்டு ரோட்டில் கடை போடலாமா, பிள்ளைகளுக்கென்று விட்டுவைக்கலாமா என்பது ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகத் தீர்கிறது.