குடியானவர் வாசலுக்கு வந்த சர்வகலாசாலை

கற்றவர் நகரத்தில் இருப்பர். உழுபவர் வயலில் இருப்பர். இருவருக்கும் இடையே வழி இராது. பல நாடுகளில் நெடுங்காலம் நிலவிய ஏற்பாடு இதுவே. அவ்வழியை அமைக்க ஐக்கிய அமெரிக்க நாடு செய்த முயற்சியையும், அது பிற்காலத்தில் தளர்ந்த விதத்தையும் நம் வாசகர்கள் அறிவது நலம்.

1862-இல் இயற்றப்பட்ட மோரில் சட்டத்தால் விவசாயமும் கைத்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகள் மாநிலங்களில் எழுந்தன. 1887-இல் ஆராய்ச்சி நிலையங்களும் சேர்ந்தன. ஆயினும் குடியானவன் கல்லூரிக்குப் போகவில்லை. அங்கிருந்து வந்த அறிக்கைகளை நம்பவுமில்லை. அதற்காக அவனைப் பழிப்பது தகாது. ஒரு பருவம் தவறினால் பட்டினி கிடப்பவர் பேராசிரியர் அல்லரே!

மெக்சிகோவிலிருந்து டெக்சாஸில் புகுந்த கூன்வண்டு பருத்தியை அழித்துவந்த காலம் அது. 1903-இல், 69 வயதான சீமன் நாப் என்பவர் டெர்ரல் நகரில் ஒரு புது முறையைக் கையாண்டார். அரசாங்கப் பண்ணையில் செய்து காட்டுவதை விடுத்து, போர்ட்டர் என்னும் குடியானவரைத் தம் சொந்த நிலத்தில், தம் கையாலேயே, புதிய முறைப்படி பயிரிடச் செய்தார். நட்டம் வந்தால் ஈடுசெய்ய ஊர் வணிகர்கள் 1,000 டாலர் உறுதியளித்தனர். அப்பணம் தேவைப்படவில்லை. பழைய முறையில் கிடைத்திருக்கக்கூடியதைவிட 700 டாலர் மிகுதியாய்க் கிடைத்ததாகப் போர்ட்டர் கணக்குச் சொன்னார்.

1906-இல் அலபாமாவின் டஸ்கிகீ கல்லூரியிலிருந்து, ஏரும் விதையும் வெண்ணெய் கடையும் கருவியும் ஏற்றிய வண்டியொன்று கறுப்பினக் குடியானவர்களைத் தேடிக் கிளம்பிற்று. அதைத் திட்டமிட்டவர் அடிமையாய்ப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அக்கல்லூரியில் பயின்ற தாமஸ் காம்பெல் அவ்வாண்டிலேயே அரசாங்கத்தின் விவசாயப் போதகராக நியமனம் பெற்றார். ஆனால் 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் இம்முறையை நாடெங்கும் நிலைநாட்டியபோது, தென் மாநிலச் சட்டசபைகள் பணத்தை வெள்ளையர் கல்லூரிகளிடமே ஒப்படைத்தன. கறுப்பினக் கல்லூரிகளுக்கு அப்பணிக்கான மத்திய அரசின் பணம் நேரே கிடைத்தது 1970-களில்தான். முதலில் வண்டி பூட்டியவர்களை அறுபதாண்டுகள் வாசலில் நிறுத்திய இச்செயலை நிர்வாகக் குறை என்று மழுப்புதல் ஆகாது.

சட்டத்தின் அமைப்பு நுட்பமானது. மத்திய அரசு ஒரு பங்கு கொடுத்தால், பெரும்பகுதிக்கு ஈடாக மாநிலமும் உள்ளூரும் பணம் இடவேண்டும். செழிப்பான காலத்தில் ஒன்று மற்றொன்றை வளர்க்கும். மாநிலத்தின் கை சுருங்கினால் முழுக் கட்டடமும் ஆட்டங்காணும். 2008-இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் நேர்ந்தது இதுவே. 99 மாவட்டங்களைக் கொண்ட அயோவா மாநிலத்தில் 2009-இல் மாவட்ட இயக்குநர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, 20 வட்டாரங்களுக்கு வட்டார இயக்குநர்கள் அமர்த்தப்பட்டனர்.

இவ்வாறு வெளிப்படையாய்க் குறைப்பதாவது பலர் கண்ணில் படும். மற்றொரு வகை ஓசையற்றது. வயது முதிர்ந்த போதகர் ஓய்வு பெறுகிறார். அவரிடத்தில் ஒருவரும் நியமிக்கப்படுவதில்லை. யாரும் வேலை இழக்கவில்லை. ஆதலால் யாரும் கூக்குரலிடுவதில்லை. அடுத்த மாவட்டத்துப் போதகர் இதையும் சேர்த்துப் பார்க்கிறார். பின்னர் மூன்றாவதும் அவர் தலையில் விழுகிறது. அவர் குடியானவர் வீட்டுக்குப் போகும் நாட்கள் அருகிப் போகின்றன. விதையும் மருந்தும் விற்கும் கம்பெனியின் ஆளோ தவறாமல் வருகிறான்! அவனும் ஆலோசனை சொல்கிறான். அந்த ஆலோசனைக்குப் பின்னே விலைச்சீட்டும் இருக்கிறது.

ஓய்வு பெற்றவரோடு போவது பதவி மட்டுமன்று. எந்த வயலில் நீர் தேங்கும், எந்தக் குடும்பம் கடனை மறைக்கும், எவர் ஒருவர் ஒப்பினால் ஊரே பின்பற்றும் என்பன எந்த நூலிலும் இல்லை. எந்த நிரையில் மரம் நோய்ப்படும் என்பது நெடுநாள் பால்வெட்டிய கைக்கே தெரியும் என்பதை அறிந்த நம் தோட்டத்து வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கலிபோர்னியாவில் பல்லாண்டுச் சிக்கனத்திற்குப்பின், 2021-இல் மாநில அரசு இப்பணிக்கென 3 கோடி டாலருக்கு மேல் ஆண்டு மானியத்தை உயர்த்திற்று. புதிய போதகர்கள் பலர் அமர்த்தப்பட்டனர். நெடுநாள் காலியாயிருந்த இடங்களுக்குச் சென்றவர்களுக்கு நாற்காலி இருந்தது. அருகிருந்து ஊரைச் சொல்லிக்கொடுக்க முன்னவர் இல்லை.